இருபத்தாறு செம்மரங்கள்

மண்ணை விரலால் உருட்டிப் பார்த்து அது என்ன மண் என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பெருமைக்குத்தான் சொல்கிறேன். திருப்பதியில் நான் பி.எஸ்ஸி. படித்தபோது காடு, மண், நீர் மூன்றையும் சேர்த்து ஒரு பாடம் வைத்திருந்தார்கள். பாதி மார்க் பரீட்சைத் தாளுக்கு, பாதி மார்க் வெளியே போய்க் கையால் செய்கிற வேலைக்கு. வகுப்பில் பன்னிரண்டு பேர். பாலசமுத்திரம் பக்கத்துக் கரும்புக் கொல்லையிலிருந்து வந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் வக்கீல் வீட்டுப் பிள்ளை, ரயில்வேக்காரர் பிள்ளை, தாலூகா கச்சேரி குமாஸ்தா பிள்ளை. முதல் நாள் மண்ணின் அடுக்குகளைப் பார்க்க ஆளுக்கொரு குழி வெட்டச் சொன்னார்கள். அவர்கள் மண்வெட்டியைக் குடை பிடிப்பதுபோலப் பிடித்தார்கள். நான் இடுப்பளவு வெட்டி முடித்து, கரையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே, "இன்னா சாமிங்களா, தண்ணி வந்துச்சா?" என்று கேட்டேன்.

எங்கள் விரிவுரையாளர் கோதாவரிப் பக்கத்துக்காரர். இங்கிலீஷில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். "புஸ்தகம்லோ செட்டுக்கி வேர்லு உண்டவு" என்பார். புத்தகத்தில் இருக்கும் மரத்துக்கு வேர் கிடையாது என்று அர்த்தம். அதனால் எங்களை வகுப்பறையில் உட்காரவிட மாட்டார். மழை பெய்தால் ஓடைக்கரைக்கு இழுத்துப்போய், கலங்கல் தண்ணீரைக் கண்ணாடி ஜாடியில் பிடித்து, தெளிந்த பிறகு அடியில் எவ்வளவு மண் தங்குகிறது என்று அளக்க வைப்பார். ஒரு நாள் சரிவு நிலத்தில் வரப்பு போடுவதற்கு மட்டம் பார்க்கும் கருவியை நிறுத்தி, அதன் திருகாணிகளோடு வெகுநேரம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. பக்கத்துக் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து மேட்டில் கொட்டி, அது ஓடிய வழியைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு முழு மார்க் போட்டார். ஏற்கெனவே இருந்த தலைக்கனம் அன்றைக்கு இரண்டு சுற்று கூடியது.

அப்போது ஆந்திர ராஜ்யம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எல்லைத் தகராறைப் பேசி முடித்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று கோடும் போட்டாகிவிட்டது. ஊர்கள் கைமாறும் நாள்தான் பாக்கி. எங்கள் நைனா, "கோடு போட்றவன் போட்டுக்கட்டும். என் மாடு எந்தப் பக்கம் மேயுதோ அதான் என் பக்கம்" என்பார். ஆனால் சர்க்கார் அப்படி விட முடியுமா? கைமாறும் காட்டில் என்ன இருக்கிறது என்று பட்டியல் எழுத வேண்டுமே. நகரிக்கு அப்பால் ஒரு குன்றுக்காடு மெட்ராஸ் பக்கம் போவதாக இருந்தது. செம்மரக் காடு. அதை எண்ணக் காட்டிலாகா ரேஞ்சருக்கு ஆள் போதவில்லை. எங்கள் விரிவுரையாளரிடம் கேட்டார். இவருக்கு வாயெல்லாம் பல். ஆறு நாள் முகாம், அதற்குத் தனி மார்க் என்று அறிவித்துவிட்டார்.

அந்தக் குன்றுக்கு ஒரு கார்டு இருந்தார். காட்டைக் காவல் காக்கும் கடைசிப்படி உத்தியோகம். நாற்பது வயது இருக்கும். வெளுத்துப்போன காக்கிச் சட்டை, டயர்ச் செருப்பு. பதினொரு வருஷமாக அதே குன்று. போன மாதம்தான் அவர் தனியாக ஏறி இறங்கி, மரங்களை எண்ணி ஒரு ரிஜிஸ்தரில் எழுதி வைத்திருந்தார். அவர் எண்ணிக்கையும் எங்கள் எண்ணிக்கையும் ஒத்துப்போனால் கோப்பு முடிந்துவிடும். முதல் நாளே என்னிடம் சொன்னார்:

"மலை அந்தப் பக்கம் போவுது தம்பி. நானும் கூடவே போறேன். பேப்பரு சுத்தமா இருந்தா அவங்க எடுத்துக்குவாங்க. ஒரு கறை இருந்துச்சின்னு வெச்சிக்கோ, இவங்களும் வாணாம்பாங்க, அவங்களும் வாணாம்பாங்க. நாலு புள்ளைங்கள இட்டுக்கினு நான் எங்க போவேன்?"

"கவலப்படாதீங்கண்ணா. எண்ணப் போறது நானு" என்றேன்.

காட்டை இருபத்தாறு பட்டைகளாகப் பிரித்தார்கள். சங்கிலி பிடித்து நேர்கோடு இழுத்து, கல் நட்டுச் சுண்ணாம்பு அடிப்பது மற்ற பத்துப் பேரின் வேலை. எண்ணுகிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கையில் ஒரு கயிறு, அதில் இரண்டு அடியில் ஒரு முடிச்சு. மரத்தை நெஞ்சளவு உயரத்தில் கயிற்றால் சுற்றிப் பார்ப்பேன். முடிச்சுக்குள் அடங்கினால் சின்ன மரம், கணக்கில் இல்லை. அடங்காவிட்டால் உரக்க எண்ணைச் சொல்வேன். கார்டு அந்த மரத்தில் ஒரு சுண்ணாம்புப் பொட்டு வைப்பார். பின்னால் நோட்டோடு வருகிற என் ஜோடிக்காரன் ஒரு கோடு போடுவான். நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு. அவன் சித்தூர்க்காரன், கச்சேரி குமாஸ்தா பிள்ளை என்று சொன்னேனே, அவன்தான். நல்ல பையன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அரிசி மளிகைக் கடையில் காய்க்கிறது என்று சொன்னாலும் நம்பிவிடுவான்.

ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு பக்கம், ஒவ்வொன்றிலும் முதலிலிருந்து எண்ண வேண்டும் என்பது விரிவுரையாளர் போட்ட விதி. இன்னொரு விதியும் போட்டார். பட்டை முடிந்ததும் எண்ணினவன் தன் கடைசி எண்ணைச் சொல்ல வேண்டும், எழுதினவன் தன் கோடுகளைக் கூட்டிச் சொல்ல வேண்டும், இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அடுத்த பட்டைக்குப் போக வேண்டும். முதல் பட்டை முடிந்ததும் அவன் கூட்ட ஆரம்பித்தான். "நான் சொன்னத எனக்கே திருப்பிச் சொல்லப் போறியா? வாடா, வெயில் ஏறுது" என்று அடுத்த பட்டைக்குள் நுழைந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மத்தியானம் கார்டு வீட்டிலிருந்து கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைத் தொவையலும் வரும். நாங்கள் கொண்டுபோன ஹாஸ்டல் புளிசாதம் இரண்டாம் நாளே சலித்துவிட்டது. அவர் தன் உருண்டையைப் பிட்டு எங்கள் இரண்டு பேருக்கும் வைப்பார். "துன்னு தம்பி. காட்டுல பசியோட நின்னா ஒரு மரம் ரெண்டாத் தெரியும்" என்பார். நான் கயிற்றை மரத்தில் சுற்றும்போதெல்லாம், "இன்னா, மரத்தக் கட்டிப் புடிச்சிக்கினு கொஞ்சறியா?" என்று கிண்டல் செய்வார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை. ரேஞ்சர் வந்து மேஜை போட்டு உட்கார்ந்தார். ஜோடிக்காரனின் நோட்டைக் கூட்டினார்கள். கார்டின் ரிஜிஸ்தரைப் பக்கத்தில் வைத்தார்கள். எங்கள் கணக்கில் இருபத்தாறு மரம் குறைந்தது.

 செம்மரம் என்றால் என்ன விலை போகும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ரேஞ்சர் என்னைப் பார்த்து, "ஏமய்யா, கணக்கு கரெக்டா?" என்றார்.

"தப்பாது சார். நெல்லு களத்துல எண்ணி வளந்தவன் நானு" என்றேன். சொன்னதோடு நிற்காமல் பேனாவை வாங்கி, ரேஞ்சர் கூட்டி எழுதிய தாளின் அடியில் கையெழுத்தும் போட்டேன்.

கார்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ நல்லா எண்ணுனியா?" என்று மெதுவாகக் கேட்டார். அதில் கோபமே இல்லை. எனக்குத்தான் சுர்ரென்று ஏறியது. என் எண்ணிக்கையைச் சந்தேகப்படுவதா? இருபத்தாறு மரத்தை விற்றுத் தின்றுவிட்டு என் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நினைத்தேன். மனசுக்குள் மரியாதைகூடப் போய்விட்டது. மத்தியானம் அவர் வைத்த களி அப்போது என் வயிற்றில்தான் இருந்தது. இதை எழுத இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"ஒரு மரங்கூட போவல சார். மறுபடி எண்ணிப் பாருங்க" என்று அவர் ரேஞ்சரிடம் கும்பிட்டார். மறுபடி எண்ண ஆளும் இல்லை, நாளும் இல்லை என்றார் ரேஞ்சர். "அப்போ காணிப்பாக்கம் போறேன் சார். தலை முழுகிட்டு புள்ளையாருக்கு முன்னால பிரமாணம் பண்றேன். பொய் சத்தியம் பண்ணா அந்த சாமி விடாதுன்னு உங்களுக்கே தெரியும்."

"உன் பிரமாணத்த எந்த ஃபைல்ல வெக்கறது?" என்றார் ரேஞ்சர். திங்கட்கிழமை பத்து மணிக்குச் சித்தூர் ஆபீசில் வந்து விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹாஸ்டலில் நானும் ஜோடிக்காரனும் முகாம் நோட்டைச் சுத்தமாகத் திருத்தி எழுத உட்கார்ந்தோம். அவனுடைய நோட்டு முதல் முறையாக என் கைக்கு வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அழகாக ஒரு பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே கோடுகள்.

"ஏண்டா, மொதப் பக்கத்துல ஒரு சுழி போட்டா போதாதா? பக்கத்துக்குப் பக்கம் புள்ளையாரத் தொந்தரவு பண்ணியிருக்க" என்று சீண்டினேன்.

"நீதானே ஒவ்வொரு பட்டையும் ஆரம்பிக்கறப்போ சாமி கும்பிடற மாதிரி 'லாபம்'னு சொன்ன? நீ சொன்னதும் நான் சுழி போட்டேன். அப்புறம் நீ மரத்த எண்ண ஆரம்பிச்ச" என்றான்.

நோட்டைக் கீழே வைத்தேன். எங்கள் பக்கம் களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்றுதான் சொல்வார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று அது பாட்டுக்குப் போகும். தமிழ் வீடானாலும் தெலுங்கு வீடானாலும் களத்தில் அதுதான் வழக்கம். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நான் அப்படித்தான் எண்ணியிருக்கிறேன். கார்டுக்கும் அதே பழக்கம். அதனால் நான் லாபம் என்றதும் அவர் முதல் மரத்தில் பொட்டு வைத்துவிட்டு நகர்ந்தார். கச்சேரி குமாஸ்தா பிள்ளை மட்டும் அதைச் சாமிக்குச் சொன்ன வார்த்தை என்று நினைத்துவிட்டான். நான் ரெண்டு என்றபோதுதான் முதல் கோடு போட்டிருக்கிறான். எண்களை அவன் கவனிக்கவே இல்லை. குரல் வந்தால் ஒரு கோடு, அவ்வளவுதான் அவனுக்கு வேலை. பட்டைக்கு ஒரு மரம். இருபத்தாறு பட்டை, இருபத்தாறு மரம்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அரை மணி நேரம் அவனைக் கிழித்தேன். "லாபம்னா ஒண்ணுன்னு தெரியாதா? மொதல்லயே ரெண்டுன்னு எவனாவது எண்ணுவானாடா? சோறு துன்றியா, இல்ல வேற எதாவது துன்றியா?" என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், "சரி, எனக்குத் தெரியாது. தெரிஞ்சவன் நீ. ஒரு தடவையாவது என் நோட்ட வாங்கிப் பாத்தியா? கூட்டிச் சொல்ல வந்தவன வாய மூடச் சொன்னது யாரு?" என்றான்.

 ஒரே ஒரு பட்டையில் கூட்டிப் பார்த்திருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். அவன் செய்தது தெரியாத்தனம். நான் செய்தது திமிர்.

அடுத்து வந்த நினைப்பையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இது எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றியது. கையெழுத்து போட்டாகிவிட்டது. சொன்னால் முகாம் மார்க் போய்விடும். வகுப்பு முழுக்கச் சிரிக்கும். குடை பிடித்தவர்கள் என்று நான் யாரைக் கிண்டல் செய்தேனோ அவர்கள்தான் முதலில் சிரிப்பார்கள்.  நாலு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவேன் என்று அவர் கேட்டது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. பிறகு வந்தாலும், வந்ததற்கப்புறம் உட்கார முடியவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நாங்கள் இருவரும் சித்தூருக்குக் கிளம்பினோம்.  காணிப்பாக்கம் போகிறவர்கள் இறங்குகிற இடத்தில் ஒரு குடும்பம் இறங்கியது. ஜோடிக்காரன் உட்கார்ந்த இடத்திலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டான். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபீஸ் வாசல் பெஞ்சில் கார்டு உட்கார்ந்திருந்தார். தலை ஈரம் காயவில்லை. நெற்றி நிறைய விபூதி. சட்டைக் காலர் நனைந்திருந்தது. விடியற்காலையிலேயே காணிப்பாக்கம் போய் முழுகி, பிரமாணம் செய்துவிட்டு வந்திருக்கிறார். நான் அவர் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மன்னிச்சிடுங்கண்ணா என்றும் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "என்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? உள்ள போயி அவர்கிட்ட சொல்லு" என்றார்.

உள்ளே ரேஞ்சர் முழுக்கக் கேட்டார். "வெள்ளிக்கிழமை தப்பாதுன்னு கையெழுத்து போட்ட. இன்னிக்கி தப்புன்னு சொல்ற. நான் எந்த நாள நம்பறது?" என்றார். நியாயமான கேள்வி.  கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். நாளைக்கு அவரே வருவார். தன் இஷ்டத்துக்கு மூன்று பட்டைகளைக் காட்டுவார். மூன்றிலும் நோட்டில் இருப்பதைவிடச் சரியாக ஒரு மரம் கூட இருக்க வேண்டும். ஒன்றில் தவறினாலும் கார்டு மேல் எழுதியது எழுதியதுதான்.

அன்று மாலை திருப்பதிக்கு வந்து விரிவுரையாளரிடம் சொன்னோம். அவர் திட்டவில்லை. முகாம் மார்க்கை இரண்டு பேருக்கும் பூஜ்யமாகத் திருத்திவிட்டு, தானும் எங்களோடு வருவதாகச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை குன்றில் ரேஞ்சர் ஒன்பதாம் பட்டையைக் காட்டினார். நான் கயிற்றை எடுத்தேன். ஜோடிக்காரன் புது நோட்டைப் பிரித்தான். முதல் மரத்தில் வெள்ளைப் பொட்டு அப்படியே இருந்தது. கயிற்றைச் சுற்றினேன். லாபம் என்ற வார்த்தையைத் தவிர்த்தேன். அதைக் கேட்டாலே எனக்குப் பயமாகிவிட்டது. "ஒண்ணு" என்றேன்.

சுண்ணாம்புச் சட்டியோடு நின்ற கார்டு கையை நீட்டி என்னைத் தடுத்தார். சித்தூர் ஆபீஸ் வாசலுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். "லாபம்னு சொல்லு தம்பி. தப்பு பண்ணது நீ. மரம் இன்னா பண்ணிச்சி?"

"லாபம்" என்றேன். பின்னாலிருந்து ஜோடிக்காரன், "போட்டுட்டேன்" என்று காடே அதிரக் கத்தினான். ரேஞ்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பட்டை முடிவில் நான் எண்ணைச் சொன்னேன், அவன் கோடுகளைக் கூட்டிச் சொன்னான். ஒன்றாக இருந்தது. பழைய நோட்டைவிட ஒன்று கூட. பதினேழாம் பட்டையிலும் ஒன்று கூட. இருபத்து நாலாம் பட்டை ஓடைச் சரிவில் இருந்தது. அதில் கடைசி மரத்துக்கு வரும்போது கயிறு இரண்டு தடவை வழுக்கியது. அங்கேயும் ஒன்று கூட. ரேஞ்சர் ஒரு பாறையில் அந்தத் தாளை வைத்து, கார்டின் ரிஜிஸ்தர்தான் சரி என்று எழுதினார். என் பழைய கையெழுத்தை என்னையே அடிக்கச் சொல்லி, பக்கத்தில் புதிதாகப் போட வைத்தார்.

எல்லோரும் முன்னால் இறங்கினார்கள். கார்டு அந்தக் கடைசி மரத்தடியில் உட்கார்ந்து, தோளிலிருந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று தெரிந்தது. நான் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை எடுத்தார்.

"நேத்து பிரமாணம் பண்றச்சே, எவன் என் மேல பழி போட்டானோ அவன நீயே பாத்துக்கோன்னு கேக்கணும்னுதான் போனேன்" என்றார். "சாமிகிட்ட போனதும் உன் மொகம் வந்துச்சி. இந்தப் புள்ளைக்கு எண்ணத் தெரியல சாமி, அத ஒண்ணும் பண்ணிடாதேன்னு வேண்டிக்கினு வந்துட்டேன்."

என்னை அதுவரை யாரும் எண்ணத் தெரியாதவன் என்று சொன்னதில்லை. கயிற்றைச் சுருட்டினேன். அவர் கையிலிருந்த சுண்ணாம்புச் சட்டியை வாங்கிக்கொண்டு அவர் பின்னால் இறங்கினேன்.